சொல்லும் வரிசை

மருத்துவமனைகளுக்காக எழுதப்படும் மென்பொருளில் எங்கோ ஒரு மூலையில் ஒரு அட்டவணை இருக்கும். யார், எந்த நோயாளியின் கோப்பை, எத்தனை மணிக்குத் திறந்தார் என்று வரிவரியாக எழுதிக்கொண்டே போகும். ஆடிட் லாக் என்போம். அதை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. ஏதாவது ஏடாகூடமாக நடந்த பிறகுதான் அந்தப் பக்கம் போவார்கள்.

கல்லூரி முடித்துச் சேர்ந்த முதல் வேலையில், அமெரிக்க மருத்துவமனை ஒன்றுக்கான திட்டத்தில் என்னைப் போட்டார்கள். முதல் வாரம் முழுக்கப் பயிற்சி வகுப்பு. ஹிப்பா என்ற நோயாளித் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி ஒரு நாள் பாடம். மதியச் சாப்பாட்டுக்கு முந்திய தூக்கக் கலக்கத்தில், பாடம் எடுத்தவர் ஒரு கதை சொன்னார். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நடிகைக்குப் புற்றுநோய். அவருடைய சிகிச்சை விவரங்கள் வாராவாரம் மஞ்சள் பத்திரிகையில் வருகின்றன. கடைசியில் லாகை எடுத்துப் பார்த்தால், நிர்வாகப் பிரிவு ஊழியர் ஒருவர் அந்தக் கோப்பை மருத்துவர்களைவிட அதிகத் தடவை திறந்திருக்கிறார். "லாக் பொய் சொல்லாது" என்று முடித்தார். நாங்கள் சிரித்தோம். "மாட்டிக்கிச்சு பாரு" என்றான் பக்கத்தில் இருந்தவன். சாப்பிடப் போய்விட்டோம்.

அந்த நடிகை ஃபாரா ஃபாசெட். நம் தலைமுறைக்குப் பெயர் சட்டென்று பிடிபடாது. 1976இல் தொடங்கிய 'சார்லீஸ் ஏஞ்சல்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் ஒரே ஒரு சீசன்தான் முழுநேரமாக நடித்தார். அதே ஆண்டு வந்த, சிவப்பு நீச்சலுடையில் அவர் சிரிக்கும் சுவரொட்டி ஒரு கோடிக்கும் மேல் விற்றதாகச் சொல்வார்கள். ஒரு நாட்டின் விடலைப் பையன்கள் எல்லோருடைய அறைச் சுவரிலும் ஒட்டப்பட்டிருந்த உடம்பு அது. 2006இல் அந்த உடம்புக்கு ஆசனவாய்ப் புற்றுநோய் வந்தது. சிரிப்பு மூட்டுவதற்கென்றே பலர் உச்சரிக்கும் உறுப்பு. இந்த முரணை விற்கத் தெரியாத மஞ்சள் பத்திரிகை உலகத்தில் கிடையாது.

பயிற்சி வகுப்பில் சொல்லாமல் விட்ட பகுதியைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். 2009 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் வந்த அவருடைய பேட்டி. படித்த பிறகு அந்த மூன்று நிமிடக் கதையை மறுபடி அதே மாதிரி சொல்ல என்னால் முடியவில்லை.

அவர் சிகிச்சை எடுத்தது யு.சி.எல்.ஏ. மருத்துவமனையில். தகவல் அங்கிருந்துதான் கசிகிறது என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நிரூபிக்க வழியில்லை. பிரபலமான நோயாளியைச் சுற்றி எத்தனை பேர்? தோழிகள், உறவினர், வண்டி ஓட்டுபவர், முடி திருத்துபவர். யார் வேண்டுமானாலும் விற்றிருக்கலாம். 2007 பிப்ரவரியில், அவருடைய 60ஆவது பிறந்தநாளில், நோய் போய்விட்டது என்றார்கள். மே மாதப் பரிசோதனையில் திரும்ப வந்திருந்தது. அப்போது அவர் ஒரு முடிவு எடுக்கிறார். இந்தச் செய்தி எனக்கும் என் மருத்துவருக்கும் மட்டும்தான் தெரியும். வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை. இது வெளியே வந்தால், வந்த இடம் இந்த மருத்துவமனைதான். கிட்டத்தட்ட எல்லா உறவினர்களிடமும் நண்பர்களிடமும் மறைத்தார். சில நாட்களில் நேஷனல் என்கொயரரில் செய்தி வந்துவிட்டது.

தொழில்முறையில் பார்த்தால் இது சுத்தமான பிழைகாணல். ஒரு நிரலில் தவறு எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது நாங்கள் செய்வதும் இதுவே. ஒவ்வொரு பகுதியாக நிறுத்திக்கொண்டே வருவோம். கடைசியில் ஒன்றே ஒன்று ஓடும். அப்போதும் தவறு வந்தால், குற்றவாளி அதுதான். முதல் தடவை படித்தபோது நான் அவரை மெச்சினேன். கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

ஆனால் அவர் நிறுத்தி வைத்த பகுதிகள் யார் யார் என்று யோசித்துப் பாருங்கள். போன புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது என்று கேட்ட நாள். ஒரு மனிதன் யாருடைய தோளையாவது தேடும் நாள். அன்றைக்கு அவர் கிட்டத்தட்ட எந்த உறவினரிடமும் சொல்லவில்லை. தோழிகளிடம் சொல்லவில்லை. யாராவது தொலைபேசியில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருந்தால், நன்றாக இருக்கிறேன் என்றுதான் பதில் சொல்லியிருக்க முடியும். பொறி வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்குள் அவர் தனியாக இருந்தாக வேண்டும். என்கொயரர் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று கேட்டால் நான் இந்த நாட்களைத்தான் காட்டுவேன்.

இங்கே நியாயமான ஒரு எதிர்க்கேள்வி உண்டு. இதே ஃபாரா தன் நோயைத் தானே படமாக்கினார். கையடக்கக் கேமரா ஒன்றைத் தோழியிடம் கொடுத்து, ஜெர்மனிக்குப் போய்ச் சிகிச்சை எடுத்தது, வாந்தி எடுத்தது, தலையை மழித்தது எல்லாம் எடுக்கச் சொன்னார். 2009 மே 15 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் 'ஃபாராஸ் ஸ்டோரி' ஒளிபரப்பானது. 90 லட்சம் பேர் வரை பார்த்தார்கள். ஊருக்கே காட்டப்போகிறவருக்கு என்ன ரகசியம்? பத்திரிகை சொன்னால் திருட்டு, அவரே சொன்னால் கலையா? விஷயம் ஒன்றுதானே?

விஷயம் ஒன்றுதான். நான் இதை ரகசியத்தின் பிரச்சினையாக ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்ததால் இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. மென்பொருள்காரனின் புத்தி. எங்களுக்குத் தகவல் என்றால் இரண்டே நிலை: பூட்டியிருக்கிறது, திறந்திருக்கிறது. ஒருவர் தன் தகவலைத் தானே திறந்துவிட்டால் அதன்பிறகு அதில் பாதுகாக்க ஒன்றுமில்லை. இந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று எனக்குத் தெரிந்தது பேட்டியால் இல்லை. வீட்டில் நடந்த ஒன்றால்.

என் அத்தைக்கு மார்பில் கட்டி. அருப்புக்கோட்டையிலிருந்து சென்னைக்கு வந்து என்னோடு தங்கிப் பரிசோதனைகள் செய்துகொண்டார். முடிவை வாங்கப் போனது நாங்கள் இரண்டு பேர் மட்டும். மருத்துவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வெளியே வந்து, வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். "இவளுக்கு இன்னும் ரெண்டு பரிட்சை இருக்குப்பா. முடிச்சிட்டு வரட்டும். நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் யார்ட்டயும் மூச்சு விடாத" என்றார். இவள் என்றது அத்தை மகளை. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். ஒரே ஒருத்தரிடம். அதுவும் அம்மா. சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது என்பது உண்மையான காரணம். அம்மாவுக்குத் தெரிவது அத்தைக்கு ஒத்தாசை என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அம்மா சித்தியிடம் மட்டும் சொன்னார். சித்தி, பாவம், நல்ல மனசு. மறுநாள் காலை பத்து மணிக்கு விடுதிக்குப் போன் போட்டு, "தைரியமா இரும்மா, இப்பல்லாம் எல்லாத்துக்கும் மருந்து வந்திருச்சு" என்றிருக்கிறார். எதற்குத் தைரியமாக இருக்க வேண்டும் என்பதே அவளுக்கு அப்போது தெரியாது.

அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகளிடம் போனில் பேசி முடித்துவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "அவளுக்கு நாந்தானப்பா சொல்லணும்" என்றார். அவ்வளவுதான். எப்படியும் அடுத்த வாரம் அவளுக்குத் தெரியப்போகிறது. எப்படியும் ஊருக்கே தெரியப்போகிறது; கீமோ எடுத்தால் முடி கொட்டும், தலையில் துண்டு கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் கேட்காமல் விடுவார்களா? அத்தை எதையும் நிரந்தரமாக மறைக்க நினைக்கவில்லை. முதலில் யார், அடுத்து யார், எந்த வார்த்தையில், எப்போது. இதுதான் அவர் கையில் மிச்சம் இருந்தது. உடம்பு தன் சொல்பேச்சு கேட்காமல் போய்விட்டது என்று தெரிந்த நாளில், அந்த வரிசையாவது தன்னுடையதாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

ஃபாராவின் படமும் என்கொயரர் செய்தியும் ஒன்றில்லை என்று எனக்கு இப்போது தோன்றுவது இதனால்தான். படத்தில் வாந்தி எடுப்பவர், எடுத்ததைக் காட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்தவர். பேட்டியில் அவர் அதிகம் கோபப்படும் இடங்களில் ஒன்று, சாகவிடுங்கள் என்று அவர் கெஞ்சுவதாக என்கொயரர் போட்ட தலைப்பு. அப்படி ஒருபோதும் சொல்லமாட்டேன் என்கிறார். தன்னைப் பார்த்துத் தெம்படைந்த மற்ற நோயாளிகளுக்கு அந்தத் தலைப்பு என்ன செய்திருக்கும் என்பதே அவர் கவலை. பொய்யான பகுதி வலித்தது சரி. உண்மையான பகுதியும் ஏன் அதே அளவு வலித்தது என்பதற்கு அத்தையின் அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு விளக்கம்.

தானே விற்றவர்களின் கதை என்ன? அதே 2009இல் இங்கிலாந்தில் ஜேட் கூடி. 'பிக் பிரதர்' மூலம் பிரபலமானவர். 2007இல் அதே வீட்டில் ஷில்பா ஷெட்டியிடம் நடந்துகொண்ட விதத்துக்காக நம் நாட்டிலும் கண்டனத்துக்கு ஆளானவர். பிராயச்சித்தம் போல 2008 ஆகஸ்டில் இந்தி 'பிக் பாஸ்' வீட்டுக்குள் வந்தார். ஷில்பாதான் தொகுப்பாளர். வந்த சில நாளில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது, கருப்பைவாய்ப் புற்றுநோய் என்ற செய்தி அவருக்குத் தொலைபேசியில் வருகிறது. அங்கிருந்து ஏழு மாதம். திருமணத்தை, மொட்டைத் தலையை, கடைசி வாரங்களை எல்லாம் தொலைக்காட்சிக்கும் பத்திரிகைகளுக்கும் விற்றார். இரண்டு சின்னப் பையன்கள். அவர்கள் படிப்புக்குப் பணம் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். முகம் சுளித்தவர்கள் நிறைய. எனக்குச் சுளிக்கத் தோன்றவில்லை. 27 வயதில் சாகப்போகிற ஒரு தாய், தன்னிடம் விற்க மிச்சமிருந்த ஒரே பொருளை விற்றார். இங்கிலாந்தில் அந்த ஒரு வருடத்தில் வழக்கத்தைவிட ஐந்து லட்சம் பெண்கள் அளவுக்குக் கூடுதலாகக் கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் போனார்கள் என்று பிறகு ஆய்வு சொன்னது. மஞ்சள் பத்திரிகைக்காரர்கள் இதை நற்சான்றிதழ் போல நீட்டுவார்கள். ஆனால் அந்தப் பெண்களை அனுப்பியது ஜேட் தன் வாயால் சொன்னது. கோப்பைத் திருடியதால் யாரும் போகவில்லை.

ஜேட் விஷயத்தில் எனக்கு மறக்காமல் நிற்பது வேறொன்று. அவருடைய திருமணப் படங்களைப் பெரும் விலை கொடுத்து வாங்கியது 'ஓகே!' என்ற வார இதழ். அதே இதழ் மார்ச் மாதத்தில் ஒரு அஞ்சலிச் சிறப்பிதழ் வெளியிட்டது. அட்டையில் 1981-2009 என்று போட்டு. அது கடைக்கு வந்தபோது ஜேட் உயிரோடு இருந்தார். மார்ச் 22 அன்றுதான் இறந்தார். எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கியவர்களால்கூட வரிசையில் ஒரு வாரம் நிற்க முடியவில்லை. அடுத்த பத்திரிகை முந்திவிடுமே.

இங்கே ஒரு தமிழ் வாசகருக்கு 2016 ஞாபகம் வரும். செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை 75 நாள். அது வேறு விஷயம் என்றே நினைக்கிறேன். ஆட்சியில் இருப்பவரின் உடம்பு பாதி அரசு அலுவலகம்; கையெழுத்துப் போடுவது யார் என்று கேட்கக் குடிமகனுக்கு உரிமை உண்டு. நடிகையின் உடம்பிடம் அப்படி என்ன கேட்க முடியும்? அவர் நடித்ததற்கு டிக்கெட் வாங்கினோம், கணக்கு அன்றே தீர்ந்தது.

இதைவிட நெருக்கமான உதாரணம் இர்ஃபான் கான். 2018 மார்ச் 5 அன்று, தனக்கு அரிதான ஏதோ நோய் வந்திருக்கலாம் என்றும், யூகங்கள் வேண்டாம், முடிவு தெரிந்ததும் தானே சொல்கிறேன் என்றும் எழுதினார். மார்ச் 16இல் சொன்னார். இடையில் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் மூளைப் புற்றுநோய் என்று ஊடகங்களில் ஓடிக்கொண்டிருந்தது. என் அலுவலகக் குழுவிலும் ஓடியது. நானும் ஒரு சுட்டியைத் தட்டினேன். அக்கறை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ஃபாராவின் கதையில் ஊழியர் பற்றிச் சொல்ல வேண்டும். யார் அது என்று ஃபாரா கேட்டபோது, எங்கள் ஊழியரைப் பாதுகாக்கும் பொறுப்பு எங்களுக்கு இருக்கிறது என்று மருத்துவமனை சொன்னதாகவும், நோயாளியைவிடவா என்று தான் திருப்பிக் கேட்டதாகவும் அவர் பேட்டியில் சொல்கிறார். பிறகு விசாரணை வந்தது. அந்த ஊழியர் மட்டுமல்ல, பிரபலங்களின் கோப்புகளை எட்டிப்பார்த்த இன்னும் பல ஊழியர்கள் அகப்பட்டார்கள். 2008இல் கலிஃபோர்னியா இதற்கென்றே புதுச் சட்டங்கள் போட்டது. 2011இல் இது போன்ற புகார்களுக்காக அந்த மருத்துவமனை நிர்வாகம் 8,65,500 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

என்கொயரரிடமிருந்து அந்த ஊழியருக்குக் கிடைத்ததாக வழக்கில் சொல்லப்பட்ட தொகை 4,600 டாலர். காசோலைகள் கணவர் பெயரில் வந்தன. முதலில் நிருபர்களிடம் பேசியபோது, சும்மா ஆர்வத்தில் பார்த்தேன் என்றுதான் சொன்னார். 2008 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை அறிவிக்கும் முன்பே, 2009 மார்ச்சில் இறந்துபோனார். அவருக்கும் புற்றுநோய். அந்தச் செய்தி இரண்டு மூன்று வரியில் முடிந்துவிட்டது. அவருடைய கோப்பை வாங்க யாரும் காசோலை அனுப்பவில்லை. அவர் யாரிடம் முதலில் சொன்னார் என்பது எந்த லாகிலும் இல்லை.

பணம் கொடுத்த பத்திரிகைமீது வழக்கு வரவில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவர்கள் அவர்கள், அவர்களையும் பிடிக்க வேண்டும் என்று ஃபாரா ஆசைப்பட்டார். ஆனால் என்கொயரருக்கு இதெல்லாம் பழைய தொழில். 1977இல் சவப்பெட்டிக்குள் கிடந்த எல்விஸ் பிரெஸ்லியின் படத்தை அட்டையில் போட்டு ஒரே இதழை 65 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற பத்திரிகை. அதை விற்பது புத்தகக் கடையில் இல்லை. பல்பொருள் அங்காடியில் பில் போடும் இடத்தில். பால், ரொட்டி, முட்டை, அதோடு இது. வரிசையில் நிற்கும்போது கை தானாகப் போகும். வாங்கியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பலரும் வருத்தப்பட்டுக்கொண்டே படித்திருப்பார்கள். சித்தி மாதிரி.

ஃபாரா 2009 ஜூன் 25 காலையில் இறந்தார். அன்று மதியமே மைக்கேல் ஜாக்சன் இறந்தார். மாலைச் செய்தியில் ஃபாராவுக்கு இரண்டாம் இடம்தான்.

அத்தைக்கு அறுவை சிகிச்சை நடந்தது, கீமோ நடந்தது, முடி கொட்டித் திரும்ப முளைத்தது, முன்னைவிடச் சுருட்டையாக. மூன்றாம் வருடம் இன்னொரு பக்கம் சின்னதாக ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. இந்தத் தடவை சென்னைக்கு வரவில்லை. காலைப் பேருந்தைப் பிடித்து மதுரைக்குத் தனியாகப் போய், ஊசி வைத்துச் சதை எடுக்கக் கொடுத்துவிட்டு, மாலைப் பேருந்தில் திரும்பியிருக்கிறார். ஒரு வாரம் கழித்து மறுபடி தனியாகப் போய் முடிவை வாங்கியிருக்கிறார். அந்த வாரத்தில் ஒரு நாள் நான் போன் பேசினேன். "என்னப்பா, மழை உண்டா அங்க?" என்று கேட்டார். பத்து நிமிடம் மழையைப் பற்றிப் பேசினோம்.

முடிவு நல்லபடியாகத்தான் வந்திருந்தது. சாதாரணக் கொழுப்புக் கட்டி. அதை எனக்குச் சொன்னது அத்தை மகள், அதற்கும் ஒரு மாதம் கழித்து. "அம்மா இப்ப சொல்லலாம்னுட்டாங்க" என்றாள். நான் எத்தனையாவது ஆள் என்று கேட்கவில்லை.